மரியம் பூவைப் போட்ட கை

என் மாமு ஹஜ்ஜுக்குப் போய்விட்டு உத்தமபாளையம் திரும்பியபோது ஆளுக்கொன்று கொண்டுவந்தார். அத்தாவுக்கு அத்தர், அக்காவுக்குத் தஸ்பீஹ் மணி, எனக்கு மட்டும் ஒரு காய்ந்த சருகு. பச்சைப்பிள்ளை கையை மூடி வைத்திருப்பது போல இருக்கும். முற்றத்தில் கிடந்தால் பெருக்கி அடுப்பில் போட்டுவிடுவோம்.

"இது மரியம் பூ, ஆத்தா. தலைப்பிரசவத்துக்கு உதவும். பத்திரமா வச்சுக்க" என்றார்.

அப்போது எனக்குக் கல்யாணம் முடிந்து மூன்று மாதம். இன்றைக்குப் பதினாறு வருஷம் ஆகிறது. பூ பத்திரமாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அதை எடுக்கும் வேளை வரவில்லை. அதைச் சொல்லி மூக்கைச் சிந்த நான் உட்காரவில்லை. நான் சொல்ல வந்தது முத்துப்பேச்சியைப் பற்றி.

தேவிகுளம் கடைத்தெருவில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. வீட்டுக்காரர் மீராசா ராவுத்தர் முன்னால் கடையைப் பார்ப்பார், பின்னால் வீடு. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், அவற்றில் திருநெல்வேலிப் பக்கத்துச் சனங்கள். அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் பிரசவ வலி எடுத்து நேரமானால், என்னைத் தேடி ஆள் வரும். வைத்தியம் எனக்குத் தெரியாது. பூ என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். மண்சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பிஸ்மில்லா சொல்லிப் பூவைப் போட வேண்டும். அது கொஞ்சம் கொஞ்சமாக விரியும். அது விரிய விரிய வயிற்றுப் பிள்ளைக்கும் வழி விரியும் என்பது நம்பிக்கை. பாதி விரிந்ததும் அந்தத் தண்ணீரில் ஒரு மடக்கு குடிக்கக் கொடுக்க வேண்டும்.

இதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு, மாமுவின் மனைவி சொல்லிக் கொடுத்தது. பிள்ளை வந்த கையோடு பூவைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். பூ விரிந்தே கிடந்தால் பெற்றவளுக்கும் மூடாது, உதிரம் நிற்காது. இரண்டாவது, போட்ட கைதான் எடுக்க வேண்டும். வேறு கை தொட்டால் பலிக்காது.

லயத்துப் பெண்களுக்கு மரியம் என்ற பேர் வாயில் நுழையாது. மாரியம்மா பூ என்பார்கள். "மாரியம்மா இல்லத்தா, மரியம், ஈசா நபியோட தாயார்" என்று நானும் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். வேதக்காரப் பெண்ணான சந்தனமேரி, "அப்ப எங்க மாதாவுல்லா!" என்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடைசியில் விட்டுவிட்டேன். வலி எடுத்தவளிடம் போய் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

வியாழக்கிழமை பின்னேரம் கடைத்தெருவில் உள்ள எங்கள் ஆட்கள் வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் என் வீட்டில் கூடுவார்கள். எனக்கு அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதால் நாயகிமார் கதைகளைச் சொல்லுவேன். பிர்அவ்ன் அரசனின் கொடுமையைத் தாங்கிய ஆசியா நாயகி, பாலைவனத்தில் கைப்பிள்ளையோடு விடப்பட்ட ஹாஜரா நாயகி, ஆளில்லாத இடத்தில் பிள்ளை பெற்ற மரியம் நாயகி. பள்ளிவாசல் லெப்பைக்கு இவர்கள் எல்லாரும் ஒரே ஆள்தான். "பொறுமை, பொறுமை, பெண்கள் இவர்களைப் பார்த்துப் பொறுமை படிக்க வேண்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். அழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் தேடி இரண்டு குன்றுக்கும் நடுவே ஏழு முறை ஓடினவளை உட்கார்ந்து பொறுத்துக்கொண்டவள் என்று சொன்னால் எப்படி?

ஆனாலும் நானும் ஒரு திருட்டுத்தனம் செய்வேன். மரியம் நாயகிக்கு வலி எடுத்ததும் அவர்கள் வாயிலிருந்து வந்த ஒரு சொல் உண்டு. பிரசவ வீட்டில் கதை சொல்லும்போது அதை மட்டும் தாண்டிவிடுவேன். வலியில் கிடப்பவள் காதில் விழக்கூடிய சொல் இல்லை அது.

முத்துப்பேச்சி கொழுந்து பறிப்பவள். மெலிந்த உடம்பு, வாய் மட்டும் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தால் சாமான் வாங்கியபின் பின்கட்டுக்கு வந்து என்னிடம் ஒரு மூச்சுப் பேசிவிட்டுத்தான் போவாள். இரண்டு பிள்ளை பெற்று, இரண்டும் அழாமலே போய்விட்டன. மூன்றாவது உண்டாகி நாலு மாதத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராவுத்தரம்மா, ஆடியில எனக்கு. அந்த மாசம் பூவ யாருக்கும் குடுத்திராதிய. எனக்குன்னு வச்சிருங்க."

"குடுக்க மாட்டேன். நானே கொண்டு வாரேன்" என்றேன்.

பூவை எடுத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும், யார் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நோண்டி நோண்டிக் கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லியும் காட்டினாள். சொல்லிக் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஆடிதான் கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதின் பெருவெள்ளம் வந்த ஆடி. மழை பெய்தது என்று சொன்னால் போதாது. இரண்டு வாரம் வெயிலைக் கண்ணால் பார்க்கவில்லை. மலை மலையாகச் சரிந்து ரோடு போயிற்று, பாலங்கள் போயின, எங்கள் கடைக்கு வர வேண்டிய அரிசி வழியிலேயே நின்றது. மூணாறு பக்கம் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. அவரவர் கூரை அவரவருக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு நாள் காலையில் முத்துப்பேச்சியின் புருஷன் சுடலை கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். உடம்பெல்லாம் சேறு.

"ராவுத்தரம்மா, நேத்து மத்தியானம் புடிச்ச வலி. அவ கெடந்து துடிக்கா. டிரஸ்ஸர் அக்கரையில இருக்காரு, ஆத்துப் பாலம் போயிட்டு. வாங்கம்மா."

டிரஸ்ஸர் என்பது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஏசுரத்தினம். ஊசி போடத் தெரிந்த ஒரே ஆள். லயம் ஆற்றுக்கு இந்தப்புறம், ஆஸ்பத்திரி அந்தப்புறம்.

என் வீட்டுக்காரர் வாசலை மறித்தார். "இந்த மழையில எங்க போற? பூவ மட்டும் அவங்கிட்ட குடுத்து விடு ராவியா."

"நானே வாரேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். போட்ட கைதாங்க எடுக்கணும்" என்றேன். பூவை வெற்றிலைப் பெட்டியில் வைத்து, பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, சுடலைக்குப் பின்னால் நடந்தேன். ராவுத்தர் தன் கம்பளியை ஓடிவந்து என் தலையில் போட்டார்.

லயத்துக்குள் நுழைந்தபோது முத்துப்பேச்சி கண்ணைத் திறந்து, "வந்துட்டியளா" என்றாள். பிறகு மருத்துவச்சி அழகுத்தாயிடம், "நான் சொல்லல? வருவாவன்னு" என்றாள். ஜெயித்துவிட்டவள் போல ஒரு சிரிப்பு. அழகுத்தாய் வயதான கைராசிக்காரி, அந்த லயத்தில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்தவர்கள்தான். அவள் முகம் சரியில்லை. என்னைத் தனியாக அழைத்து, "கை வெளங்கமாட்டேங்கு அம்மா. புள்ள எறங்கவே மாட்டேங்கு" என்றாள்.

சட்டியில் தண்ணீர் ஊற்றிப் பூவைப் போட்டேன். முத்துப்பேச்சி பார்க்கும்படி அவள் தலைமாட்டில் வைத்தேன். தகரக் கூரைமேல் மழை கொட்டியதில், பேசினால் காதோடு வாயை வைத்துத்தான் பேச வேண்டும். அப்படித்தான் கதையைச் சொன்னேன். மரியம் நாயகி ஊரை விட்டுத் தூரமாகப் போனது, வலி எடுத்து ஒரு ஈச்சமரத்தடியில் ஒதுங்கியது.

"தொணைக்கு யாரு இருந்தா?"

"யாருமில்லத்தா."

"ஒரு பொம்பள கூடவா?"

"அந்த மரத்தைப் பிடிச்சுக்கிட்டாக."

"எனக்கு நீங்கள்லாம் இருக்கிய" என்றாள். அடுத்த வலி வந்தது. அது போனதும், "வலிக்கும்போ அந்தம்மா என்ன சொன்னாவ?" என்றாள்.

எத்தனையோ பேருக்குக் கதை சொல்லியிருக்கிறேன், ஒருத்தியும் இதைக் கேட்டதில்லை. "ஆண்டவனைக் கூப்பிட்டாக" என்று சமாளித்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

"பயப்படாதேன்னு ஒரு குரல் கேட்டுச்சு. காலடியில ஊத்து ஓடுச்சு. மரத்தை உலுக்குன்னு சொல்லுச்சு, உலுக்கினாக, பழம் உதிர்ந்துச்சு" என்று வேகவேகமாக முடித்தேன்.

மதியத்துக்கு மேல் பூ முழுக்க விரிந்தது. அழகுத்தாய் என்ன செய்தாளோ, முத்துப்பேச்சி எங்கிருந்து பலத்தை எடுத்தாளோ, பிள்ளை வந்துவிட்டது. பெண்.

அழவில்லை.

அழகுத்தாய் கொடியை அறுத்துப் பிள்ளையை என் கையில் திணித்தாள். "அடுப்புகிட்ட கொண்டு போங்க, சூடு காட்டுங்க, தேச்சு விடுங்க" என்றாள். லயம் என்றால் ஒரே அறைதான், அடுப்பு அதன் அந்தக் கோடியில். முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து, உள்ளங்காலைத் தேய்த்தேன், முதுகைத் தட்டினேன், மூக்கிலிருந்ததை உறிஞ்சித் துப்பினேன். நீலமாகக் கிடந்தது. எனக்கு ஓதத் தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அழு, அழு, அழுது தொலை" என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு தடவை சிணுங்கியது. பிறகு கத்தியது. நான் அதைவிடச் சத்தமாக அழுதேன்.

திரும்பிப் பார்த்தேன். முத்துப்பேச்சியின் கீழே விரித்திருந்த சாக்கு நிறம் மாறியிருந்தது. அழகுத்தாய் அவள் அடிவயிற்றில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நிக்கல" என்றாள்.

பிள்ளையை முத்துப்பேச்சியின் பக்கத்தில் போட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடினேன். பின்னாலிருந்து அழகுத்தாய் ஏதோ கத்தினாள், மழையில் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளத்தில் சுடலையும் இன்னும் நாலு பேரும் கயிற்றோடு நின்றார்கள். அக்கரையில் டிரஸ்ஸர் குடையும் பையுமாக நின்றார். முகம் தெரிகிற தூரம்தான். நடுவில் ஆறு மரங்களைப் புரட்டிக்கொண்டு போயிற்று. கயிற்றை எறிந்தார்கள், பாதியில் விழுந்தது. திரும்ப எறிந்தார்கள், திரும்ப விழுந்தது. நான் கையால் வயிற்றையும் தரையையும் காட்டி, உதிரம் நிற்கவில்லை என்று சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. குடையைக் கீழே போட்டார். ஒரு கையை முஷ்டியாக்கித் தன் வயிற்றில் அழுத்திக் காட்டினார், பிறகு பிள்ளையை மாரில் போடுவது போலக் காட்டினார். நான் மேலே ஓடினேன். அழகுத்தாய் இரண்டையும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள்.

மறுபடி கீழே ஓடினேன். அவர் ஒரு குப்பியைத் துணியில் சுற்றிக் கல்லோடு கட்டி எறிந்தார். அது எங்கள் கரைப் பாறையில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. அந்த மனிதர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

மேலும் கீழுமாக எத்தனை முறை ஓடினேன் என்று எண்ணவில்லை. எண்ணினால், ஏழு ஆகியும் ஒன்றும் நடக்காமல் போகுமோ என்று பயமாக இருந்தது. ஹாஜரா நாயகி ஓடியது ஒரு வாய்த் தண்ணீருக்காக. நான் ஓடியது தண்ணீர் வடிந்ததா என்று பார்க்க. அவர்கள் ஓடி முடித்தபோது பிள்ளையின் காலடியில் ஊற்று திறந்தது. என் காலடியிலோ மலையே தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு சொட்டும் நின்றபாடில்லை.

கடைசியாக லயத்துக்குத் திரும்பி வாசலைத் தாண்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. தலைமாட்டில் சட்டி. சட்டியில் பூ, இதற்கு மேல் விரிய இடமில்லாமல் விரிந்து கிடந்தது.

பாய்ந்து போய் எடுத்தேன். எடுத்த வேகத்தில் சட்டி கவிழ்ந்தது. அழகுத்தாய் என்னையும் பூவையும் பார்த்தாள். திரும்ப அடிவயிற்றை அழுத்தத் தொடங்கினாள்.

முத்துப்பேச்சிக்கு உதடு வெளுத்துவிட்டது. பிள்ளை மாரில் கிடந்து பால் தேடிக்கொண்டிருந்தது. நான் குனிந்ததும், "இப்பமாவது சொல்லுங்க" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது.

மறைக்க இனி என்ன இருக்கிறது? காதோடு வாயை வைத்துச் சொன்னேன். "இதுக்கு முன்னாடியே நான் செத்திருக்கக் கூடாதா, என்னை எல்லாரும் அடியோட மறந்து போயிருக்கக் கூடாதான்னு சொன்னாக."

"அவ்வளவு பெரிய அம்மாவா அப்பிடிச் சொன்னாவ?"

"ஆமாத்தா."

"நானும் நேத்து அப்பிடித்தான் சொல்லிட்டேன்" என்றாள். "புள்ள வயித்துல இருக்கையில சொல்லலாமான்னு அழகுத்தாய் ஏசினா. ரொம்பச் சங்கடமாப் போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்ப அது குத்தமில்ல, என்னா?"

"குத்தமில்ல" என்றேன்.

அதன்பிறகு அவள் பேசவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டாள். சுடலை கயிற்றோடு மேலே வந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தது. முதலில் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் முகத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து பூவைத் துடைத்து அடுப்புக்கு மேலே வைத்தேன். இரண்டே நாளில் பழையபடி கையை மூடிக்கொண்டது, ஒன்றுமே தெரியாதது போல. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. காய்ந்த செடி தண்ணீரில் போட்டால் விரியும், எடுத்தால் சுருங்கும். கொத்தவரை வற்றலும் அப்படித்தான். ஒரு சருகு ஒருத்தியின் உதிரத்தைப் பிடித்து நிறுத்துமா? நிறுத்தாது என்று எனக்கே தெரிகிறது. பகலெல்லாம் இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடுவேன். பிறகு தொழுகையில் கையைக் கட்டி நிற்கும்போது சட்டி கண்முன் வரும். நீதானே போட்டாய், நீதானே எடுத்திருக்க வேண்டும்? வியாழக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

நாற்பது நாள் கழித்து, மழை விட்டு ஆற்றில் மரப்பாலம் போட்டபின் சுடலை வந்தான். பிள்ளையைக் கம்பளியில் பொதிந்து நெஞ்சோடு வைத்திருந்தான். பக்கத்து வீட்டுப் பெண் பால் கொடுக்கிறாளாம், பிள்ளை தேறியிருந்தது. கடையில் ஒன்றும் வாங்கவில்லை, நேரே பின்கட்டுக்கு வந்தான்.

"சந்தனமேரிக்கு வலி கண்டிருக்கு. பூவ வாங்கிட்டு வரச் சொன்னாவ."

இவனிடமா பூவைக் கேட்டு அனுப்பினார்கள்? இவனும் வந்து நிற்கிறானே! அதற்கு மேல் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"சுடலை, அன்னைக்கு நான் பூவை எடுக்க மறந்துட்டேன். பிள்ளை வந்த கையோட எடுத்திருக்கணும். நான்தான் எடுக்கல."

அவன் தலையைக் குனிந்து பிள்ளையின் கம்பளியைச் சரிசெய்தான்.

"தெரியும்மா. அழகுத்தாய் எல்லாஞ் சொன்னா. புள்ள வந்ததுமே ஒங்களக் கூப்பிட வாயத் தொறந்தாளாம். முத்துப்பேச்சிதான் அவ கையப் புடிச்சிக்கிட்டாளாம். கூப்பிடாத, ராவுத்தரம்மா புள்ளையப் பாக்கட்டும், புள்ள அழட்டும், அது வரைக்கும் பூ மூடப்படாதுன்னாளாம். பூ மூடிட்டுன்னா புள்ளையும் மூடிக்கிடும்னு பயந்திருக்கா. பொறவு புள்ள அழுததும் அழகுத்தாய் கூப்பிட்டிருக்கா. நீங்க வெளிய ஓடிட்டிய."

இரண்டு கட்டுப்பாட்டையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். எடுக்காவிட்டால் தனக்கு என்ன ஆகும் என்று மனப்பாடமாகச் சொல்லிக் காட்டியவள் அவள். எல்லாம் தெரிந்துதான் கையைப் பிடித்திருக்கிறாள்.

இப்போது நான் எதை நம்புவது? பூவில் ஒன்றுமில்லை என்றால் நான் தப்பித்தேன். ஆனால் அவள் தன் உயிரைத் தூக்கிக் கொடுத்தாளே, அது வெறும் சருகுக்குக் கொடுத்ததாகிவிடும். பூவில் இருக்கிறது என்றால் பிள்ளை அவள் கொடுத்த பிள்ளை. அப்போது போட்டுவிட்டு எடுக்காமல் விட்ட கையோ என்னுடையது. பதினாறு வருஷம் நாயகிமார் கதை சொன்னேன். அப்படி ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால், நாலடி தூரத்தில் படுத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

பெட்டியைத் திறந்து பூவை எடுத்தேன். சுடலை கையை நீட்டவில்லை, தயங்கினான்.

"அழகுத்தாய் ஒண்ணு கேட்டு வரச் சொன்னா. புள்ள வந்ததும் எடுக்கணுமா, புள்ள அழுததும் எடுக்கணுமா?"

பிள்ளை கம்பளிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூவை இடுப்பில் செருகிக்கொண்டு, "நட, நானே வாரேன்" என்றேன். லயம் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன். வாசலில் அழகுத்தாய் நின்று அதையே திரும்பக் கேட்டாள். அப்போதும் எனக்குத் தெரியவில்லை.